ஈரம் தொண்ணூத்தொம்பது

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். கரண்டு போனா கத்துவேன், வந்தா ஏன் இவ்வளவு நேரம்னு கத்துவேன். பிளக்குல ஒயரு லூசா இருந்தாக்கூட வீடு அதிர ஒரு சத்தம் போட்டாத்தான் எனக்கு அந்த வேலை ஓடும். எங்க அய்யா சொல்லுவார், "ஏலே, ஒனக்கு அமத்துற சுவிட்சு வைக்க மறந்துட்டாய்ங்கலே." என் பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் அவ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்தக் கதைதான் இது.

ஆர்.எஸ்.மங்கலத்துல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வீடு அங்கருந்து பைக்குல போற தூரத்துல, ஒரு கிராமத்துல. கொஞ்சம் வயல் இருக்கு, அதை அய்யா பாக்குறார். எனக்கு மம்பட்டி புடிக்க வராது. பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்ச கிறுக்கு மட்டும் இன்னும் விடல. ஆன்லைன்ல போர்டு, ரிலே, சென்சார்னு வாங்கிப் போட்டு எதையாவது பத்த வச்சுக்கிட்டே இருப்பேன். மாடித் தொட்டி நெறஞ்சா கத்துற மணி ஒண்ணு செஞ்சேன். அது மழை பெஞ்சாலும் கத்தும், காக்கா உக்காந்தாலும் கத்தும். "செஞ்சவனை மாதிரியே இருக்குலே"ன்னு அய்யா சிரிச்சார்.

முட்டை பொரிக்கிற பொட்டி ஒண்ணும் பாதியில கிடந்துச்சு. மீன் வண்டிக்காரர்கிட்ட கேட்டு வாங்கின தெர்மாகோல் பொட்டி, ரெண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர்ல கழட்டுன காத்தாடி, தண்ணி வைக்க ஒரு டிபன் பாக்ஸ் மூடி, அப்புறம் அந்த சென்சார். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசா வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, ஒரு முகத்துல மட்டும் சன்னச் சன்னமா ஓட்டை. பொட்டிக்குள்ள எவ்வளவு சூடு, காத்துல எவ்வளவு ஈரம், ரெண்டையும் அதுதான் பாத்துச் சொல்லும். சூடு கொறஞ்சா போர்டு பல்பைப் போடும், கூடினா அணைக்கும். ஈரத்தை நான்தான் தண்ணி வச்சும் எடுத்தும் சரி பண்ணணும். சும்மா பொழுதுபோக்குக்கு ஆரம்பிச்சது. அதுல ஒரு உசுரைக் கொண்டாந்து வைப்பேன்னு நெனச்சுக்கூடப் பாக்கல.

அந்த ஆடியில என் மாமியார் செத்துப் போச்சு. அவுக ஊரு கமுதிப் பக்கம். காரியமெல்லாம் முடிஞ்ச பெறகு வீட்டுல கிடந்ததை மருமகளுக எடுத்துக்கிட்டாக. என் பொண்டாட்டி ஒண்ணும் கேக்கல. கெளம்புறப்ப, "அந்தக் கருங்கால் கோழிய மட்டும் நான் கொண்டு போறேன்"னா. அத்தை அந்தக் கோழியோடத்தான் பேசிக்கிட்டு இருக்கும், திட்டுறதும் கொஞ்சுறதும் எல்லாம் அதைத்தான். ரெண்டு பஸ் மாறி, காலைக் கட்டி, கூடையில மடியில வச்சே கொண்டாந்தா. வழி பூரா ஒரு பொட்டுக் கண்ணீர் விடல. வீட்டுக்கு வந்தும் விடல. அம்மா செத்ததுக்கு அழுகாத பொம்பளையப் பாத்தா எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு.

கோழி எங்க வீட்டுல நல்லாப் பழகிருச்சு. முட்டை விட்டுச்சு. ஒத்தப்படையா பதினொரு முட்டைய எடுத்து அடை வச்சா. ஒரு வாரம் போச்சு. ஒருநா காலையில நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன், கொல்லையில சத்தம். ஓடிப் பாத்தா, தெரு நாயி ஒண்ணு கூடையக் கவுத்துப் போட்டுட்டு கோழியக் கவ்விக்கிட்டுப் பாயுது. கல்லெடுத்து எறிஞ்சேன், அது எங்க நின்னுச்சு! திரும்பிப் பாத்தா, இவ முட்டைகளைப் பூராவும் முந்தானையில அள்ளிக்கிட்டு நிக்கிறா. ஒண்ணுகூட ஒடையல. அவ்வளவும் சூடா இருந்துச்சு.

"ஏங்க, ஒங்க பொட்டி ஓடுமா?"ன்னா.

ஓட வச்சேன். கடையத் தெறக்கல அன்னைக்கு. ஒயரை ஒட்டி, பல்பை மாட்டி, முட்டைகளை வைக்கோல்மேல வரிசையா வச்சு மூடினோம். கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன்ல சூடு முப்பத்தேழரைக்கு வந்து நின்னுச்சு, ஈரம் ஐம்பத்தஞ்சு. புத்தகத்துல போட்ட மாதிரி. எனக்கு வந்த பெருமையில, மூடியத் தெறந்து முட்டைகளுக்கு மேல தொங்குன சென்சாரைக் காட்டி அவகிட்ட சொன்னேன், "இங்கன பாரு, இந்த வெள்ளையா இருக்குல்ல, இதுதான் கோழி. மத்ததெல்லாம் சும்மா பொட்டி." அவ அதைக் குனிஞ்சு உத்துப் பாத்தா. அதுக்குப் பெறகு அவ பொட்டியப் பொட்டின்னு சொன்னதே இல்ல. கடையில இருந்து நான் வந்ததும், "கோழி இப்ப என்ன சொல்லுது, பாருங்க"ம்பா. முட்டைய வேளாவேளைக்குப் பொரட்டி வைக்கிறது அவ வேலை. ஸ்கிரீனைப் பாத்துப் பயப்படுறது என் வேலை.

பயம்னா அப்படி ஒரு பயம். கடையில ஆதார் கார்டை ஜெராக்ஸ் போடுறப்ப முன்னபக்கத்தையே ரெண்டு தடவை போட்டுக் குடுப்பேன். கரண்டு போச்சுன்னா வீட்டுக்குப் போனைப் போட்டு, இன்வெர்ட்டர் எடுத்துருச்சான்னு கேப்பேன். அய்யா எடுத்தா, "எல்லாம் எடுத்துருச்சு, நீ போனை வைலே"ம்பார். அவருக்கு அவர் கவலை. புழுதியில நெல்லை வெதச்சுட்டு வானத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தார். ஊரே மழை வராதான்னு ஏங்குது. எனக்கு மட்டும் மழை வந்துருமோன்னு பயம். மழையோட கரண்டும் போகுமே.

இப்படி இருக்கப்ப ஆயுத பூசை வந்துச்சு. எங்க பக்கம் அன்னைக்கு அரிவாள், மம்பட்டி, பம்புசெட்டு மோட்டாருன்னு ஒண்ணு விடாமக் கழுவித் தொடைச்சு சந்தனம் குங்குமம் வச்சுருவாக. மிக்சிக்கு உண்டு, பைக்குக்கு உண்டு, என் ஜெராக்ஸ் மெசினுக்கும் உண்டு. கடையில நானே வச்சு, பொரி கடலை குடுத்து, மாலை போட்டு பூசையப் போட்டேன். வீட்டுல இவ. பொட்டி மூடியில அழகா மூணு பொட்டு வச்சிருந்தா. நல்லாருக்குன்னு போட்டோகூட எடுத்தேன்.

மறுநா காலையில ஸ்கிரீனைப் பாக்குறேன், ஈரம் தொண்ணூத்தொம்பது.

அட கருமமேன்னேன். கொஞ்சம் பொறுத்துப் பாத்தேன், தொண்ணூத்தொம்பது. போர்டை நிப்பாட்டிப் போட்டேன், தொண்ணூத்தொம்பது. சும்மா கத்தலை நான், தெருவுக்கே கேட்டுச்சு. சென்சாரை வித்தவனை, செஞ்சவனை, கொரியர்ல கொண்டாந்தவனைன்னு ஒருத்தனை விடல. அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்தேன். ஒயரை மாத்தினேன். ரெசிஸ்டரை மாத்தினேன். போன் சார்ஜர்ல கரண்டு சரியா வரலையோன்னு வேற சார்ஜர் போட்டேன். புரோகிராம்ல ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் படிக்கிறதை அஞ்சு செகண்டாக்கினேன். எல்லாம் வெளியில போர்டுகிட்டயே பாத்த வேலை. மூடியத் தெறந்தா சூடு போயிருமேன்னு உள்ள கை வைக்கல.

சூடாவது சரியாக் காட்டுதான்னு பாக்க, காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டரை ஓட்டை வழியா உள்ள விட்டேன். அதுவும் சென்சாரும் புள்ளி பிசகாம ஒண்ணாச் சொல்லுச்சு. அங்கதான் நான் ஏமாந்தேன். ஒரே சென்சாரு, சூட்டை உண்மையாச் சொல்லுறது ஈரத்தை மட்டும் பொய்யாவா சொல்லும்? போதாக்குறைக்கு அன்னைக்குப் பாத்துக் கெழக்க மேகம் கருத்திருந்துச்சு. கடல்காத்து பிசுபிசுன்னு அடிக்குது. துணி காயல. அய்யா நெஞ்சை நிமித்திக்கிட்டு, "காத்துல தண்ணி இருக்குலே, வந்துரும்"ங்குறார். சரி, நெசமாத்தான் ஈரம் ஏறிருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். ஈரம் கூடினா குஞ்சு முட்டைக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்னு படிச்சிருந்தேன்ல. தண்ணி மூடிய வெளிய எடுத்தேன். பொட்டியில இன்னும் நாலு ஓட்டை போட்டேன். காத்தாடிய வேகமா சுத்த விட்டேன்.

"கோழி என்ன சொல்லுது?"ன்னா.

"தண்ணி வேணாம்ங்குது"ன்னேன்.

அவ தண்ணி மூடியக் கழுவிக் கவுத்து வச்சா.

அதுக்கப்புறம் சில நா அப்படியே ஓடுச்சு. என்ன செஞ்சாலும் தொண்ணூத்தொம்பதுல இருந்து எறங்கல. வெளிய வெயில் திரும்ப அடிக்குது, துணி மொடமொடன்னு காயுது, அய்யா வானத்தை ஏச ஆரம்பிச்சுட்டார், உள்ள மட்டும் தொண்ணூத்தொம்பது. புது சென்சாருக்கு ஆர்டர் போட்டேன், அது வந்து சேர்றதுக்குள்ள குஞ்சு பொரிக்கிற நாளே வந்துரும் போல.

ஒருநா மத்தியானம் கதவைச் சாத்தி இருட்டாக்கிட்டு, முட்டைகளை ஒவ்வொண்ணா எடுத்து மொபைல் டார்ச்சு மேல வச்சுப் பாத்தேன். உள்ள கருப்பா அசையுது. பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா முட்டையோட தலைமாட்டுல வெளிச்சமா ஒரு வெறும் எடம் தெரியும், காத்து நிக்கிற எடம். உள்ள ஈரம் கொறையக் கொறைய அது பெரிசாகும். அது எல்லா முட்டையிலயும் இருக்க வேண்டியதைவிட ரொம்பப் பெரிசா இருந்துச்சு. முட்டை காய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். பொட்டி ஈரம்ங்குது, முட்டை காஞ்சுருச்சுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். ஒரு முட்டையில செவப்பா தூசி மாதிரி ஒட்டியிருந்துச்சு. இவ குங்குமக் கையோட தொட்டிருப்பான்னு நெனச்சு, அதைப் பெரிசா எடுத்துக்கல.

சென்சாரைச் சோதிக்க ஒரு வழி படிச்சிருந்தேன். உப்பை ஈரமண்ணு பதத்துக்கு நனைச்சு, ஒரு பாட்டில்ல சென்சாரோட சேத்துக் காத்துப் போகாம அடைச்சு வச்சா, கொஞ்ச நேரத்துல உள்ள ஈரம் எழுபத்தஞ்சுல வந்து நிக்கும். எந்த ஊரா இருந்தாலும் எழுபத்தஞ்சுதான். எங்க ஜில்லாவுல உப்புக்கா பஞ்சம்! ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவச்சு, கல்லுப்பை ஒரு மூடியில நனைச்சு வச்சேன். போர்டு இல்லாம பல்புகளை நேராக் கரண்டுல போட்டு, சூட்டைப் பாக்கத் தெர்மாமீட்டரும் கையுமா இவளைப் பொட்டிகிட்ட உக்கார வச்சுட்டு, சென்சாரைக் கழட்டினேன். முகம் லேசா மஞ்சளடிச்சிருந்துச்சு. பல்புச் சூட்டுக்குப் பிளாஸ்டிக் பழுத்துருச்சுன்னு நெனச்சேன். நான் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கல. பாட்டிலுக்குள்ள தொங்க விட்டு, டேப்பைச் சுத்தி அடைச்சுட்டு, எதுத்தாப்புல உக்காந்தேன். சாப்பிடக் கூப்பிட்டாக, போகல.

சாயங்காலம் வரைக்கும் தொண்ணூத்தொம்பது.

பாட்டிலைத் தூக்கிச் சுவத்துல அடிக்கணும் போல வந்துச்சு. அடிக்கல. சென்சாரை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தேன். கண்ணாடியப் போட்டு, டார்ச்சை அடிச்சு ஓட்டைகளைப் பாத்தேன். ஓட்டையே இல்ல. எல்லாம் அடைஞ்சிருக்கு. நகத்தை வச்சுச் சொரண்டினேன், பொலபொலன்னு உதுந்துச்சு. மோந்து பாத்தேன். சந்தனம். ஓரத்துல இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஆத்தாடி, எனக்கு வந்த கோபம்! "ஏ புள்ள!"ன்னு கத்த வாயத் தெறந்துட்டேன். பொட்டிக்கு வெளிய வச்சா பத்தாதா, உள்ள கைய விட்டு இதுக்கு எதுக்குடி வச்சன்னு கேக்கணும். உள்ள திரும்பிப் பாத்தேன். நான் உக்கார வச்ச எடத்துலயே உக்காந்திருந்தா. ஒரு கையில தெர்மாமீட்டரு, இன்னொரு கையைப் பொட்டி மேல வச்சிருந்தா, புள்ளைய ஒறங்க வைக்கிற மாதிரி.

நான்தானே சொன்னேன், இதுதான் கோழின்னு. மத்ததெல்லாம் சும்மா பொட்டின்னு. அவ அம்மா வீட்டுக் கோழிக்கு அவ பொட்டு வச்சிருக்கா. நல்லா வெளங்கணும்னு ஓட்டை மறைய நெறைய வச்சிருக்கா. இப்ப நான் கேட்டுட்டேன்னா, நாளைக்கு முட்டை பொரிக்கலைன்னா, அம்மாவோட கடைசி முட்டைகளைத் தன் கையாலயே கொன்னுட்டேன்னு உக்காந்துருவா. அதுல இருந்து அவளை எந்திரிக்க வைக்க என்னால ஏலாது.

"என்னங்க, கூப்பிட்டீகளா?"ன்னா.

"ஒண்ணுமில்ல. ஒயரு லூசு. கண்டுபுடிச்சுட்டேன்"னேன்.

அவ என்னையவே பாத்தா. "ஒயருதானா?"

"ஆமா. ஒயருதான்."

பல் வெளக்குற பிரஷ்ஷால உப்பில்லாத பேட்டரித் தண்ணிய விட்டுச் சென்சாரைத் தொட்டுத் தொட்டுக் கழுவினேன். விடிய விடியக் காய விட்டு, காலையில திரும்பவும் உப்புப் பாட்டில்ல போட்டேன். எறங்கி எறங்கி எழுபத்தாறுல வந்து நின்னுச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. பொட்டிக்குள்ள மாட்டினா, ஈரம் இருபத்தெட்டு. பாலைவனம் மாதிரி கெடந்திருக்கு உள்ள. தண்ணி மூடிய வச்சேன், இன்னொரு கிண்ணத்துலயும் வச்சேன், ஈரத்துணியப் போட்டேன், போட்ட ஓட்டையெல்லாம் டேப்பால அடைச்சேன். எல்லாம் செஞ்சும், ஏற்கெனவே காஞ்சது காஞ்சதுதானேங்கிற பயம் நெஞ்சுல உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே இல்ல.

பொரிக்கிற நா வந்துச்சு. உள்ளருந்து கீச்சுன்னு ஒரு சத்தம். ஸ்கிரீன்ல இருந்த கண்ணை அன்னைக்குத்தான் எடுத்தேன். மூணு குஞ்சு தானா முட்டையோட்டை ஒடச்சு வெளிய வந்துருச்சு. மத்ததுல சிலது மூக்கு நுனிய மட்டும் நீட்டிட்டு நின்னுருச்சு. உள்தோலு காஞ்சு, குஞ்சு மேல காயிதம் ஒட்டுன மாதிரி ஒட்டிக்கிச்சு. இவ வெதுவெதுன்னு தண்ணியத் தொட்டுத் தொட்டு, ஒரு குஞ்சை மெல்ல உரிச்சு எடுத்தா. அது கையிலயே கெடந்து தொவண்டுச்சு. செத்துருச்சுன்னே நெனச்சேன். அப்புறம் காலை ஒதறுச்சு. கருப்புக் காலு.

அதைக் கன்னத்துல வச்சுக்கிட்டு இவ அழுதா பாருங்க, ஆடியில இருந்து தேக்கி வச்சதையெல்லாம் அழுதா. "அம்மா, அம்மா"ன்னு வாய்விட்டு அழுதா. அய்யா வயக்காட்டுல இருந்து வந்தவர், வாசலோடயே திரும்பிப் போயிட்டார். மொத்தம் நாலுதான் தேறுச்சு. பொரிக்காத முட்டைகளை அவளே கொண்டு போயி முருங்க மரத்துக்கிட்ட குழி தோண்டிப் பொதைச்சா. நான் வாரேன்னதுக்கு, வேணாம்னுட்டா. நான் ஒயரு கதையச் சொன்னதோட சரி, யார்கிட்டயும் வாயத் தெறக்கல. அந்த ஒரு விசயத்துல நான் கெட்டிக்காரன்னு எனக்கே நெனப்பு.

இந்த வருசம் ஆயுத பூசை. அந்த நாலுல ஒண்ணு பெரிய கருங்கால் கோழியாகி, முட்டை விட்டு, இப்ப பொட்டி திரும்பவும் ஓடுது. இவ சந்தனக் கிண்ணத்தோட வந்தா. மம்பட்டிக்கு வச்சா, மிக்சிக்கு வச்சா, பைக்குக்கு வச்சா. பொட்டிகிட்ட வந்ததும் நின்னுட்டா. கிண்ணத்தை என்கிட்ட நீட்டினா.

"இதுக்கு நீங்களே வைங்க"ன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏன், நீ வையேன்"னேன்.

"வேணாங்க. போன தடவை வச்சதே போதும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். முட்டையில ஒட்டியிருந்த குங்குமத்தைச் சொல்லுவா, இல்ல என் நகத்துல இருந்த சந்தனத்தைச் சொல்லுவான்னு நெனச்சேன்.

"பிளக்கு சரியா நிக்கலைன்னாக்கூட தெருவையே கூட்டுற ஆளு நீங்க. அன்னைக்கு ஒயரு லூசுன்னு மெதுவாச் சொன்னீக. அப்பவே தெரிஞ்சுபோச்சு, என்னாலதான்னு." கிண்ணத்தை என் கையில திணிச்சுட்டு, கண்ணைத் தொடைச்சா. "அம்மா இருந்திருந்தா நல்லா நாலு ஏச்சு ஏசிருக்கும். நீங்களாவது கத்திருக்கலாம்ல."